பி.காம் முடித்த தம்பி: இணையத்தில் எப்படி வேலை தேடுவது, எந்தப் பக்கம் போவது?

கோமுகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி இந்த வருடம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம் முடித்திருக்கிறான். சின்னசேலம் பக்கம் கிராமம். அப்பா விவசாயம். நான் சேலத்தில் நர்ஸ். ஆபீஸ் வேலை என்றால் என்ன, எப்படி என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

நாள் முழுக்க போனும் கையுமாக இருக்கிறான். நௌக்ரி, லிங்க்ட்இன், இண்டீட் என்று வேலை தேடும் தளங்கள் எல்லாவற்றிலும் கணக்கு வைத்து, கண்ணில் படுவதற்கெல்லாம் அப்ளை கொடுக்கிறான். திரும்பக் கூப்பிடுகிறவர்கள் ஒன்று இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு விற்கச் சொல்கிறார்கள், இல்லையென்றால் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். அப்பா குரூப் 4க்குப் படி என்கிறார். மாமா ஆடிட்டர் ஆபீஸில் சேரச் சொல்கிறார். கூடப் படித்தவர்கள் சென்னைக்குக் கூப்பிடுகிறார்கள். உனக்கு எதில் இஷ்டம் என்று கேட்டால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எந்த வேலையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால்தானே சொல்வான்?

அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நீலமேகம் எழுதியது:

சகோதரி, நேராகச் சொல்கிறேன். ஆன்லைனில் அப்ளை செய்து வேலை கிடைப்பது அபூர்வம். ஒரு விளம்பரத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது, யார் பார்க்கிறார்கள்? உள்ளே தெரிந்தவர் ஒருவர் சொன்னால்தான் ரெஸ்யூமையே திறப்பார்கள். ஊர்க்காரர், உறவுக்காரர் யாராவது சென்னையில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அதுதான் வழி.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நீலமேகம் அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் தலைமுறையாகப் படித்து வந்த பையனுக்கு 'உள்ளே தெரிந்தவர்' எங்கிருந்து வருவார்? நானும் அப்படி வந்தவன்தான். வேலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் தொடங்கி, இப்போது சென்னையில் ஒரு வெளிநாட்டு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பியை முதலில் இரண்டு வாரத்துக்கு அப்ளை பட்டனைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இரண்டு வாரமும் விளம்பரங்களைப் படிக்கட்டும். பி.காம் பட்டதாரி கேட்டு, அனுபவம் 0 முதல் 2 வருடம் என்று இருப்பதை எல்லாம் சென்னை, கோவை, சேலம் மூன்று ஊருக்கும் தேடி, ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். என்ன பதவி, என்ன வேலை செய்யச் சொல்கிறார்கள், என்ன தெரிந்திருக்கக் கேட்கிறார்கள், எந்த நேரத்து வேலை. நாற்பது ஐம்பது விளம்பரம் படித்தாலே, பி.காம் படித்தவர்களுக்கு உலகத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒரு படம் கிடைத்துவிடும். கல்லூரியில் மூன்று வருடத்தில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இணையத்தின் பெரிய உபயோகம் இதுதான் என்பது என் கருத்து. அப்ளை செய்வதெல்லாம் அப்புறம்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். சென்னை விளம்பரங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

'அக்கவுண்ட்ஸ் பேயபிள் அசோசியேட். பி.காம். 0–1 வருடம். இன்வாய்ஸ் ப்ராசஸிங், த்ரீ-வே மேட்ச், வெண்டர் ரீகன்சிலியேஷன். எக்செல் அவசியம். எஸ்ஏபி தெரிந்தால் நல்லது. யுகே ஷிஃப்ட். டூ-வே கேப்.'

முதல் முறை பார்க்கும் பையன் இது நமக்கு இல்லை என்று தாண்டிப் போய்விடுவான். ஆனால் இது அவன் படித்த கணக்குதான். அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்றால் சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தின் கணக்கு. கம்பெனி ஒரு பொருளுக்கு ஆர்டர் போடும், அது பிஓ. சரக்கு வந்ததும் கிடங்கில் ஒரு ரசீது போடுவார்கள், அது ஜிஆர்என். பிறகு சப்ளையர் பில் அனுப்புவார். மூன்றிலும் எண்ணிக்கையும் விலையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பணம் கொடுக்க அனுமதிப்பதுதான் த்ரீ-வே மேட்ச். வெண்டர் ரீகன்சிலியேஷன் என்றால், சப்ளையர் நமக்கு அனுப்பும் ஸ்டேட்மென்ட்டையும் நம் புத்தகத்தில் அவர் பெயரில் உள்ள கணக்கையும் வைத்து, எங்கே வித்தியாசம் என்று கண்டுபிடிப்பது. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம் புத்தகத்தையும் ஒப்பிடும் பேங்க் ரீகன்சிலியேஷன் படித்தவனுக்கு இது புரிய அரை மணி நேரம் போதும். எஸ்ஏபி என்பது பெரிய கம்பெனிகள் கணக்கு வைக்கும் மென்பொருள், சேர்ந்த பிறகு பெரும்பாலும் அவர்களே பழக்கிவிடுவார்கள். அதற்காக முன்கூட்டியே பெரிய தொகை கட்டி கோர்ஸ் சேர வேண்டாம். யுகே ஷிஃப்ட் என்றால் மதியம் தொடங்கி இரவு பத்து, பதினொன்று வரை போகும். யுஎஸ் ஷிஃப்ட் என்றால் விடிய விடிய. டூ-வே கேப் என்றால் போகவும் வரவும் கம்பெனி வண்டி.

இப்படி ஐம்பது படித்தால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். எக்செல் கட்டாயம் வரும், அதிலும் விலுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுப்பது), பிவோட் டேபிள் (பெரிய பட்டியலைத் தொகுத்துச் சுருக்குவது) இரண்டும். சேலம், கோவை விளம்பரங்களில் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) என்று வரும். அந்தப் பட்டியல்தான் அடுத்த மூன்று மாதத்துக்கு அவனுடைய பாடத்திட்டம்.

ராஜி எழுதியது:

நான் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொன்னால் உபயோகமாக இருக்கும்.

பலர் நினைப்பது, நாங்கள் விளம்பரம் போட்டு, வந்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று. அதுவும் உண்டு. ஆனால் நௌக்ரி மாதிரி தளங்களுக்கு கம்பெனிகள் சந்தா கட்டுவதே, அங்கே உள்ள ரெஸ்யூம் களஞ்சியத்தில் நாங்களாகத் தேடுவதற்காகத்தான். நான் 'அக்கவுண்ட்ஸ் பேயபிள்' என்று போட்டு, ஊர் சென்னை, அனுபவம் 0–1, பட்டம் பி.காம், கடந்த சில நாட்களில் தளத்துக்கு வந்தவர்கள் என்று வடிகட்டுவேன். ஆறு மாதமாகத் தலை காட்டாத ரெஸ்யூம் என் கண்ணுக்கே வராது. எனவே தம்பி வாரத்துக்கு ஒரு முறையாவது உள்ளே போய் ஏதாவது சின்னத் திருத்தம் செய்து சேமிக்கட்டும். 'வேலை செய்ய விரும்பும் ஊர்' என்ற இடத்தில் சின்னசேலம் மட்டும் இருந்தால், சென்னையில் ஆள் தேடும் என் பட்டியலில் அவர் வரமாட்டார். சென்னை, கோவை இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ரெஸ்யூம். இணையத்தில் கிடைக்கும் கலர் கட்டம் போட்ட, பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த மாதிரிகள் வேண்டாம். பல கம்பெனிகளில் முதலில் மென்பொருள்தான் அதைப் படிக்கிறது, கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தைக் குழப்பிவிடும். பிரிக்காமல் மேலிருந்து கீழாக ஒரே வரிசை, ஒரு பக்கம், பிடிஎஃப். கோப்பின் பெயரில் அவர் பெயரும் பட்டமும் இருக்கட்டும். 'நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3' என்று வருவதை நான் தினமும் பார்க்கிறேன்.

'கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவன்' என்பதை எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, 'கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு மளிகைக் கடையின் மூன்று மாதக் கொள்முதல், விற்பனையை டாலியில் ஏற்றி, பேங்க் ரீகன்சிலியேஷன் செய்தேன்' என்று எழுதினால் நான் கட்டாயம் நின்று படிப்பேன். செய்திருந்தால் மட்டும் எழுத வேண்டும், அடுத்த கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

அப்புறம், அறிமுகம் இருந்தால் சுலபம் என்பது உண்மைதான். நிறைய கம்பெனிகள், ஆள் சொல்லும் ஊழியருக்கு ஊக்கத்தொகையே கொடுக்கின்றன. அந்த அறிமுகத்தையும் இணையத்தில் தேடிக்கொள்ள முடியும் என்பதுதான் நான் சேர்க்க விரும்புவது. லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பெயரைத் தேடினால், கல்லூரிப் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். எந்த ஊரில், எந்த கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்தே காட்டும். அதே கல்லூரியில் மூன்று நான்கு வருடம் முன்னால் பி.காம் முடித்தவர்களைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். 'எனக்கு வேலை வாங்கித் தாருங்கள் சார்' என்று தொடங்க வேண்டாம். 'நம் கல்லூரியில் இந்த வருடம் முடித்தேன் அண்ணா. உங்கள் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும், அதற்கு நான் என்ன பழகிக்கொள்ள வேண்டும்?' என்று கேட்கட்டும். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேராவது பதில் போடுவார்கள். நாளைக்கு அவர்கள் கம்பெனியில் இடம் வந்தால் அந்தப் பையன் முகம் ஞாபகம் வரும்.

நீலமேகம் எழுதியது:

ராஜி அம்மா, முன்னாள் மாணவர் பகுதி பற்றி எனக்குத் தெரியாது. இப்போதுதான் எங்கள் கல்லூரியைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பேட்ச் ஆட்கள் இத்தனை பேர் பெங்களூரில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. என் பெண்ணுக்கும் காட்டப் போகிறேன்.

கோமுகி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. தம்பி நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டான்.

ஒரு சந்தேகம். 'பிரபல தனியார் வங்கியில் வேலை, பி.காம் போதும், தேர்வு கிடையாது' என்று ஒரு விளம்பரம். போன் செய்தால் ஒரு ஏஜென்சி பேசுகிறது. நம்பலாமா?

ராஜி எழுதியது:

பெரும்பாலும் அது வங்கி வேலையாக இருக்காது. வங்கியின் பெயரில் லோன், கார்டு விற்கும் வேலை, சம்பளச் சீட்டு மட்டும் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் வரும். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், விற்பனையில் ஆர்வம் உள்ள பையனுக்கு அதுவும் நல்ல தொடக்கம்தான். ஆனால் தெரிந்து போக வேண்டும். போனில் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஆஃபர் லெட்டர் யார் பெயரில் வரும்? மாத டார்கெட் உண்டா? டார்கெட் முடிக்காவிட்டால் அடிப்படைச் சம்பளம் குறையுமா? மழுப்பினால் வைத்துவிடலாம்.

சம்பளத்தையும் சிடிசியில், அதாவது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவில், கேட்காமல் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்க வேண்டும். வருடம் 2.4 லட்சம் என்றால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். நிறைய இடங்களில் கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும். ஊழியர் பங்கும் பிடித்த பிறகு பதினாறு, பதினேழாயிரம்தான் தேறும். அதில் சென்னையில் விடுதி வாடகை போக என்ன மிஞ்சும் என்று பார்த்துத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும்.

முல்லைக்கொடி எழுதியது:

பதிவுக் கட்டணம் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால், அது எந்தப் பெயரில் இருந்தாலும், ஐடி கார்டுக்கு, லேப்டாப் டெபாசிட்டுக்கு, பயிற்சிக்கு என்று எதுவானாலும், அந்த இடத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, அதில் பணமே கேட்க மாட்டார்கள். குழந்தை பிறந்து வீட்டில் இருந்தபோது நான் சிக்கியது இதில்தான். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்றார்கள். ஆன்லைனில் ஒப்பந்தம், ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு, மங்கலான பக்கங்களைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். முடித்து அனுப்பியதும், துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், பணம் கட்டாவிட்டால் கோர்ட் வழக்கு என்று ஒரு 'வக்கீல் நோட்டீஸ்' வாட்ஸ்அப்பில் வந்தது. இரவெல்லாம் தூக்கம் இல்லை. எங்கள் தெரு வக்கீல் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது வெறும் மிரட்டல், ஒரு பைசா கொடுக்காதே என்றார். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்த பிறகு போன் வருவது நின்றுவிட்டது.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க, பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விடும், நிறுத்தி வைப்பது கஷ்டம். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால், ஹோட்டலுக்கு ரேட்டிங் கொடுத்தால் காசு என்று வருவதும் இதே இனம்தான். முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே போடுவார்கள். அதை நம்பிக் கட்டும் பெரிய தொகை திரும்ப வராது.

தம்பியிடம் சொல்லுங்கள்: கம்பெனி பெயர் சொன்னால், அதன் சொந்த இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் லாகின் இல்லாமல் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, அது யார் பெயரில், எந்த வருடம் பதிவானது, நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பி.காம் படித்தவனுக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும்.

சேதுக்கரை எழுதியது:

சென்னையில் கிடைக்கவில்லை என்றால் அடுத்து வெளிநாடு என்று யாராவது ஆசை காட்டுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் கத்தாரில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊர் ராமநாதபுரம் மாவட்டம்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இமைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான 18% ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், அவர் யார் என்று தெரிந்துவிடும். 'இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்றால் போகவே கூடாது.

தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ், கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று வரும் விளம்பரங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பாங்காக் என்று அழைத்துப் போய், எல்லை கடத்தி மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைத்து வைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அந்த அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த மோசடியில் குறி வைக்கப்பட்டவர்கள் கம்ப்யூட்டர் தெரிந்த படித்த பிள்ளைகள்.

வைப்பாறு எழுதியது:

அப்பா சொல்லும் குரூப் 4 பற்றி யாரும் பேசவில்லை. அது மோசமான யோசனை இல்லை. டிஎன்பிஎஸ்சி தளத்தில் ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்வி, 300 மதிப்பெண், நேர்முகம் கிடையாது. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பழைய வினாத்தாள்கள் ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். தொடுகிற தூரத்தில் மதிப்பெண் வந்தால் ஒரு வருடம் ஒதுக்கிப் படிக்கலாம். மிகவும் கீழே இருந்தால், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது நல்லது. கனவு மட்டும் வைத்துக்கொண்டு வருடங்களைக் கரைத்தவர்களை எங்கள் ஊர் நூலகத்தில் தினமும் பார்க்கிறேன், மனது கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளமும், மத்திய அரசு 2015இல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் தளமும் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம் அறிவிப்புகளும் இணையத்தில் வரும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் அப்ரண்டிஸ் தளத்தில் பி.காம் பட்டதாரியும் பதியலாம், வங்கிகள்கூட அதன் வழியாக ஆள் எடுக்கின்றன. ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகை உண்டு. முடிந்ததும் அங்கேயே வேலை என்ற உறுதி கிடையாது, ஆனால் சான்றிதழ் கையில் இருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதையும் ஆன்லைனிலேயே செய்துவிடலாம்.

கோமுகி எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், டியூட்டி மாறி மாறிப் போட்டுவிட்டார்கள்.

தம்பி அந்த நோட்டை முடித்துவிட்டு, என்னிடம் தானாகவே வந்து உட்கார்ந்து பேசினான். விற்பனை தனக்கு வராது, தெரியாதவர்களுக்குப் போன் செய்யச் சொன்னாலே கை நடுங்குகிறது என்றான். கணக்கில் வித்தியாசம் கண்டுபிடிப்பது பிடித்திருக்கிறதாம். எங்கள் தெரு உரக்கடை அண்ணன் ஜிஎஸ்டி பில்களை ஒழுங்கு செய்யக் கூப்பிட்டார், ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எக்செல்லில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். குரூப் 4 பழைய தாள் எழுதினான். தமிழ் நன்றாக வந்தது, பொது அறிவு மிகவும் குறைவு. அப்பாவிடம் அவனே காட்டிப் பேசினான், அவரும் புரிந்துகொண்டார்.

இப்போது இரண்டு இடம். சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், கூகுள் மேப்பில் பார்த்து நேரில் போய்க் கேட்டது, மாதம் 9,000. சென்னையில் ஒரு கம்பெனி, கல்லூரி சீனியர் ஒருவர் சொல்லி இன்டர்வியூ முடிந்தது, கைக்கு ஏறக்குறைய 17,000, யுகே ஷிஃப்ட். மாமா முதலாவதையும் நண்பர்கள் இரண்டாவதையும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அக்கா. நான் இரண்டிலும் இருந்தவன் என்பதால் தெளிவாகவே சொல்கிறேன்.

ஆடிட்டர் ஆபீஸில் ஒரு வருடத்தில் ஜிஎஸ்டி, டிடிஎஸ், வருமான வரி, பேலன்ஸ் ஷீட் எல்லாம் கையால் தொட்டுவிடுவான். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (மாதச் சுருக்கமும் வரியும்), ஜூலை 31 வருமான வரி ரிட்டர்ன், செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கை என்று கெடுவை வைத்தே காலண்டர் ஓடும். பின்னால் சிஏ, சிஎம்ஏ படிக்க நினைத்தாலும், சொந்தமாகக் கணக்கு எழுதித் தர நினைத்தாலும் இந்த அனுபவம்தான் அடித்தளம். சென்னை வேலையில் சம்பளமும் பிஎஃப்பும் ஒழுங்காக வரும், ஆங்கிலம் பழகும், ஆனால் வேலை ஒரு துண்டு மட்டும்தான். அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்றால் இரண்டு வருடமும் அதேதான்.

நீங்கள் சேலத்தில் இருப்பதால் அவன் உங்களோடு தங்கலாம், வாடகை கிடையாது. சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எட்டு, ஒன்பதாயிரம் போய்விட்டால் இரண்டு இடத்திலும் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே தொகைதான். வீட்டில் கடன் நெருக்கடி இல்லை என்றால் நான் சேலம் ஆடிட்டர் ஆபீஸையே சொல்வேன். சேரும் முன் அவரிடம் கேட்க வேண்டியது: வெறும் பில் என்ட்ரி மட்டுமா, ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் விடுவீர்களா? விடுவேன் என்றால் சேரட்டும்.

ராஜி எழுதியது:

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் கடன் இருந்தால் தயங்காமல் சென்னை. எங்கே சேர்ந்தாலும் மற்ற இடத்துக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டுச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் இருந்தால் அந்த சீனியருக்குத்தான் கெட்ட பெயர். நௌக்ரி கணக்கை மூட வேண்டாம். ஒரு வருடம் கழித்து 'ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், ஒரு வருட அனுபவம்' என்று திருத்தினால், இன்று கூப்பிடாதவர்கள் அன்று கூப்பிடுவார்கள்.

கோமுகி எழுதியது:

கடன் கொஞ்சம் இருக்கிறது, நகைக்கடன்தான், நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம். ஆடிட்டரிடம் கணக்குப்பிள்ளை சொன்ன கேள்வியைத் தம்பி கேட்டான். முதல் மூன்று மாதம் என்ட்ரி, அதன் பிறகு ரிட்டர்ன் என்றாராம். திங்கட்கிழமை சேர்கிறான். சென்னை சீனியருக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கிறான், எழுதி முடித்ததும் இங்கே போட்டால் ராஜி அம்மா ஒரு முறை பார்த்துச் சொல்ல முடியுமா?